ஊருக்கு ஒரு புத்தகம்

ஆனி மாதத்துப் பௌர்ணமியன்று காரைக்கால் பாரதியார் வீதியில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நிற்கிறீர்கள்' என்று நான் சொல்வதுகூட மரியாதைக்குத்தான். உண்மையில் கூட்டந்தான் உங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. முன்னால் ஒரு குழந்தை தகப்பனாரின் தோள்மீது உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பாட்டி முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். பிச்சாண்டவர் கோலத்தில் சுவாமி மெல்ல மெல்ல வருகிறார். அவ்வளவுதான்! மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்கள் பறந்து வருகின்றன. பிடித்தவர்களுக்குச் சந்தோஷம். தலையில் வாங்கிக்கொண்டவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம்!

இதுதான் காரைக்கால் மாங்கனித் திருவிழா. எதற்காக மாம்பழம் என்று அந்தக் கூட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கதை சொல்வார்கள். பூக்கட்டுகிற அம்மாள் சொல்வாள். ஆட்டோ ஓட்டுகிறவர் சொல்வார். மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிக்குக் கடை போடுகிற பாயும் சொல்வார். வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்பினான். பசியோடு வந்த அடியாருக்கு மனைவி புனிதவதி ஒரு பழத்தைப் படைத்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் கணவன் இரண்டாவது பழத்தையும் கேட்டான். அவள் இறைவனை வேண்ட, கையில் பழம் வந்தது. அதன் ருசி வேறாக இருந்தது. "இது ஏது?" என்றான். உண்மையைச் சொன்னாள். அவன் பயந்துபோய்க் கப்பலேறிப் போய்விட்டான். அந்தப் புனிதவதிதான் காரைக்கால் அம்மையார் ஆனார்.

ஒரு ஊர் முழுவதும் ஒரே கதையை அறிந்திருப்பது எவ்வளவு அபூர்வமான விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அதே கூட்டத்தில் இன்னொரு கேள்வி கேளுங்கள். "அந்த அம்மையார் எழுதிய பாட்டு ஒன்று சொல்லுங்களேன்!"

ஓதுவார் சொல்வார். தமிழாசிரியர் சொல்வார். மற்றவர்கள் சிரித்து மழுப்பி, கையிலிருக்கும் மாம்பழத்தைப் பார்த்துக்கொள்வார்கள். குறை சொல்லவில்லை. நானும் அப்படி மழுப்பியவர்களில் ஒருத்திதான். சிறுமியாக இருந்தபோது பாட்டி வீட்டு வாசலில் பழம் பிடித்தவள் நான். அம்மையார் தேவாரம் பாடிய மூவருக்கும் முற்பட்ட கவிஞர். அவருடைய அற்புதத் திருவந்தாதி, அந்தாதி நூல்களுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. இதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திருவந்தாதியில் 101 வெண்பா. திருவிரட்டை மணிமாலையில் 20. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் பதினொன்று பதினொன்றாக 22. ஆகமொத்தம் 143 பாடல்கள். ஒரு நாளைக்கு ஐந்து படித்தால்கூட ஒரே மாதத்தில் முடிந்துவிடும். பழம் எல்லோர் கைக்கும் வந்தது, பாட்டு வரவில்லை.

ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

சியாட்டில் செய்த வேலை

அமெரிக்காவில் சியாட்டில் என்று ஒரு நகரம். அதுவும் கடற்கரைப் பட்டணந்தான். அங்கே 1998-ஆம் ஆண்டு நகரத்துப் பொது நூலகத்தில் நான்சி பேர்ல் என்ற நூலக அம்மையாருக்கும் அவருடைய சகாக்களுக்கும் ஒரு யோசனை தோன்றியது. சியாட்டிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே புத்தகத்தைப் படித்தால் என்ன?

யோசனை அவ்வளவுதான். ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். பனி பெய்கிற ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடத்துப் பஸ் விபத்துக்குள்ளாகிறது; குழந்தைகளைப் பறிகொடுத்த அந்த ஊரார் எப்படித் துக்கத்தைத் தாங்குகிறார்கள் என்பது கதை. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாத கதை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசித்தான் ஆகவேண்டும். ஆசிரியரை ஊருக்கு அழைத்தார்கள். நூலகங்களில் கூடிப் பேசினார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 2001-இல், சிகாகோ நகரம் இதைப் பின்பற்றியது. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை ஊரே கையில் எடுத்தது. செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஒரு கறுப்பின மனிதனின் கதை அது. வெள்ளையரும் கறுப்பரும் வாழும் நகரத்தில் அதைப் படித்துப் பேசுவது சாமானிய விஷயமா? பிறகு ஊர் ஊராக இந்த வழக்கம் பரவிவிட்டது. நான்சி பேர்ல் அம்மையாருக்கு வந்த புகழைச் சொல்கிறேன், கேளுங்கள். அவரைப் போலவே ஒரு பொம்மை செய்து கடையில் விற்றார்கள். பொத்தானை அழுத்தினால், வாயில் விரல் வைத்து "உஸ்!" என்று அடக்குமாம் அந்தப் பொம்மை. ஊரையே பேச வைத்த அம்மாளுக்கு இப்படி ஒரு பொம்மை!

தமிழர் வாழும் இடத்திலும் இது நடந்திருக்கிறது. சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 2005-இல் நாடு தழுவிய வாசிப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அந்த நாட்டுக்கு ஆட்சிமொழி நான்கு. எனவே ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று நான்கு மொழிகளிலும் நூல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர்களும் வாசிப்புக் குழு அமைத்துப் படித்தார்கள்.

எல்லா இடத்திலும் பாயசமாக இனித்தது என்று எண்ண வேண்டாம். நியூயார்க்கில் 2002-இல் இதே முயற்சி செய்தார்கள். எந்தப் புத்தகம் என்பதிலேயே குழு இரண்டாகப் பிளந்தது. ஒரு சாராருக்கு ஒரு நூல், மற்றவர்களுக்கு இன்னொன்று. இந்தச் சண்டையில் ஊர் முழுக்க ஒரே புத்தகம் என்ற யோசனையே படுத்துவிட்டது. கல்யாணத்துக்குச் சமையற்காரரைத் தேர்ந்தெடுப்பதில் சம்பந்திகள் சண்டை போட்டுக்கொண்டு, விருந்தே இல்லாமல் போன கதைதான்!

திண்ணையில் ஒரு குரல்

"இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம். நமக்குச் சரிப்படுமா?" என்று நீங்கள் கேட்கலாம். என் பாட்டியின் கதையைச் சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாட்டி காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் கல்கியில் தொடராக வர ஆரம்பித்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்போது காரைக்கால் இந்தியாவில் சேரவில்லை, பிரெஞ்சுக்காரர் ஆட்சி. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர்; அது இந்தியா. நடுவில் எல்லை, சுங்கச் சோதனை எல்லாம் உண்டு. நாகப்பட்டினத்துக்கு வேலையாகப் போய்வரும் அண்ணன் வாரம் தவறாமல் பத்திரிகை வாங்கி வருவாராம். அவர் வேட்டி மடிப்பில் வைத்து எடுத்து வந்த பொருள்களிலே அதற்குத்தான் வீட்டில் வரவேற்பு அதிகம் என்று பாட்டி சொல்வாள்.

ஆனால் வீட்டில் படிக்கத் தெரிந்த பெண் பாட்டி ஒருத்திதான். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அம்மாவுக்குப் படிப்பில்லை, அத்தைக்கு இல்லை, பக்கத்து வீடுகளிலும் இல்லை. ஆகவே மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு எல்லோரும் பின்கட்டுத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாட்டி வரியின்மேல் விரலை ஓட்டி ஓட்டி உரக்கப் படிப்பாள். அத்தை முறத்தில் அரிசி புடைப்பாள். இன்னொருத்தி கீரை ஆய்வாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ராவுத்தர் வீடு. அந்த வீட்டு அம்மாள் இந்தப் பக்கம் வரமாட்டாள். வேலி ஓரமாக மணை போட்டு உட்கார்ந்துகொள்வாள். கதை நின்ற இடத்தில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்குமாம்: "அப்புறம்?"

"அடுத்த வாரம், மாமி!"

"அட போ! அதுவரைக்கும் வந்தியத்தேவன் அங்கேயே நிற்பானா?"

அந்தக் கதை 1954-இல் முடிந்தது. அதே வருஷம் நவம்பர் முதல் தேதி காரைக்காலின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. "கதையும் முடிஞ்சுது, எல்லையும் போச்சு" என்பாள் பாட்டி. சட்டப்படி இணைப்பு முழுமை பெற்றது 1962 ஆகஸ்டு 16-இல். ஆனால் பாட்டியின் சரித்திரப் புத்தகத்தில் 1954-தான் கணக்கு.

சியாட்டில்காரர்கள் 1998-இல் கண்டுபிடித்தது இதைத்தானே? ஒரு கதை, எல்லோரும் ஒரே சமயத்தில், நடுநடுவே பேச்சு, சண்டை, சிரிப்பு. நம் பாட்டிமார் இதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய எழுத்து நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் படிக்கப்பட்டன. முஸ்லிம் வீடுகளில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் ஓத மற்றவர் கேட்பார்கள். எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், அந்தத் தெருவே வாசகர்தான்.

இதிலே நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. அரிசி புடைத்த அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் குந்தவையைப் பற்றியும் நந்தினியைப் பற்றியும் அவளுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவளை யாரும் 'படிக்காதவள்' என்று விலக்கி வைக்கவில்லை.

அம்மாவின் படிவம்

பாட்டியின் கதை இப்படி என்றால், அம்மாவின் கதை வேறு. அம்மா பட்டப்படிப்பு படித்தவள். கல்யாணமாகி வேறோர் ஊருக்குப் போனாள். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே நல்ல நூலகம் இருந்தது. ஒருநாள் சாயந்திரம், நாலு வயதுக் குழந்தையான என்னையும் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போனாளாம். வாசலுக்கு நேராகவே பத்திரிகை மேஜை. சுற்றிலும் ஆண்கள். அம்மா உள்ளே நுழைந்ததும் அத்தனை பத்திரிகைகளும் கொஞ்சம் தாழ்ந்தன. யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, வெறுமனே பார்த்தார்கள். புத்தக அடுக்குகளோ அந்த மேஜையைத் தாண்டி உள்ளே இருந்தன.

சேர்வதற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஜாமீன் கையெழுத்துக்கு ஓர் இடம். யாரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது? ஊருக்கே புதியவள். அப்பாவிடம் சொன்னாள். "பார்க்கலாம்" என்றார். அந்தப் படிவம் அலமாரியில் சேலைக்கு அடியில் விரிக்கும் காகிதமாக ரொம்ப நாள் கிடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த நாளில், சேலை மடிப்புகளுக்கு இடையே அதில் அச்சடித்திருந்த 'நூலகம்' என்ற சொல்லையும் படித்தேன்.

படிக்கத் தெரியாத பெண்கள் நடுவே புத்தகம் ஓடியாடித் திரிந்தது. படித்த பெண்ணுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு மேஜையும் ஒரு கையெழுத்தும் வந்து நின்றுவிட்டன. விசித்திரமாக இல்லையா?

யாருக்குக் கதவு திறந்திருக்கிறது என்ற கேள்வி நூலகங்களுக்குப் புதியதல்ல. புதுச்சேரியில் 1827-இல் பொது நூலகம் ஒன்று தொடங்கினார்கள். தொடக்கத்தில் அது ஐரோப்பியருக்கு மட்டுந்தான்; எல்லோருக்கும் திறந்துவிடப் பத்து வருஷம் ஆயிற்று. அதுதான் இன்றைய ரோமன் ரோலண்டு நூலகம். காரைக்கால் நூலகங்களும் புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறையின் பொறுப்பில்தான் இருக்கின்றன. இன்று அவற்றுக்குள் நுழைய யாருக்கும் தடையில்லை. ஆனால் தடையில்லை என்பது வேறு. "வாருங்கள்" என்பது வேறு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சீர்காழிப் பிள்ளை

"வாருங்கள்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவர் நமக்கு ரொம்பத் தொலைவில் பிறந்தவரல்லர். காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடி. அங்கே டேனிஷ் மிஷன் பாதிரிமார்கள் 1713-லேயே தமிழ் அச்சு வேலை தொடங்கிவிட்டார்கள். அதற்கும் வடக்கே போனால் சீர்காழி. அந்த ஊரில் 1892-இல் பிறந்தவர்தான் இந்திய நூலக இயலின் தந்தை என்று போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன்.

கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாளிலேயே சலித்துவிட்டது. பேச்சுத் துணை இல்லை. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற மனிதருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "என்னைப் பழையபடி கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். "முதலில் லண்டன் போய் வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தது. போனார். அங்கே பொது நூலகங்களில் குழந்தைகளும் தொழிலாளிகளும் வீட்டுப் பெண்களும் உரிமையோடு வந்து போவதைக் கண்டார். திரும்பி வந்த பிறகு கல்லூரிப் பேச்சையே எடுக்கவில்லை.

அவர் 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்துப் புத்தகம் எழுதினார். பெரிய சாஸ்திரம் என்று பயப்பட வேண்டாம். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு. படிக்கிற ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வந்து சேர வேண்டும். வருகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவைதாம் அந்த ஐந்தின் சாரம். இரண்டாவது விதியை விளக்கும் அத்தியாயத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். 1931-இல்! என் பாட்டிகூட அப்போது பிறக்கவில்லை.

எழுதியதோடு நிற்கவில்லை. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசல் என்ற கிராமத்தில் ஓர் அதிசயம் நடந்தது. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற எஞ்சினீயர் ஒரு மாட்டு வண்டியை நூலகமாக்கிவிட்டார்! வண்டிக்குள் நெல் மூட்டைக்குப் பதிலாகப் புத்தகங்கள். அதைத் தொடங்கி வைத்தவர் அரங்கநாதன். வண்டி ஊர் ஊராகப் போயிற்று. "நீங்கள் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் என்ன? நூலகம் உங்கள் வாசலுக்கு வருகிறது" என்று காளை மாடுகள் சொல்லாமல் சொல்லிக்கொண்டு போயின.

பின்னால் 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அரங்கநாதன் உழைப்பே ஆதாரம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. காரைக்காலைச் சுற்றியுள்ள தமிழ்நாட்டு ஊர்களில் வீட்டு வரி கட்டுகிற குடும்பங்கள் எல்லாம் இன்றும் நூலகத்துக்காகக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோமா? நூலகத்தை மட்டும் விட்டுவிட்டு வருகிறோம்.

ஒரு மணி நேரம், ஒரு ஜில்லா

நம் பக்கத்தில் இந்தக் காலத்தில் ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. புதுக்கோட்டையில் 2022-இல் புத்தகத் திருவிழாவை ஒட்டி, 'புதுக்கோட்டை வாசிக்கிறது' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஜில்லா முழுவதும் பள்ளிப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு படித்தார்கள். பார்க்கவே அழகான காட்சி. தமிழ்நாட்டு நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் வருகிறது. பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் வைக்கிறார்கள்.

நல்ல காரியங்கள்தாம். ஆனால் இரண்டு குறை எனக்குப் படுகிறது. ஒன்று, அந்த ஒரு மணி நேரத்தில் ஆளுக்கொரு புத்தகம். படித்து முடித்த பிறகு பேசிக்கொள்ளப் பொதுவாக ஒன்றும் இல்லை. இன்னொன்று, போட்டி என்றால் பரிசு, பரிசு என்றால் குழந்தைகள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மாக்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாக்களுக்கு யார் கதை சொல்வது?

நீங்கள் செய்யலாம்

ஆகவே சகோதரிகளே, ஒரு யோசனை சொல்கிறேன். காரைக்காலை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. நாலு பெண்கள் சேர்ந்து போய் நூலகரிடம் பேசினால் போதும். புத்தகம் கேட்டு நாலு பேர் வந்தால் சந்தோஷப்படாத நூலகரை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் புத்தகம். நியூயார்க் சண்டையை நினைவில் வையுங்கள். ஊரில் உள்ள எல்லாரையும் திருப்திப்படுத்தும் புத்தகம் இந்த உலகத்திலேயே கிடையாது. சின்னதாக எடுங்கள். முதல் மாதத்துக்கு ஒரு சிறுகதை போதும். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' இருக்கிறது. அவர் தஞ்சை மண்ணின் மனிதர். ரயிலில் ஒரு சிறுமி, வீட்டு வேலைக்காக ரொம்பத் தொலைவு போகிறாள். தகப்பனாரோடு வருகிற ஒரு சின்னப் பையன் தான் ஆசையாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுக்கிறான். உரக்கப் படித்தால் அரைமணி நேரம்கூட ஆகாது. படித்த பிறகு, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் மகள் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்று நமக்குத் தெரியுமா என்ற கேள்வி தானாக வரும். பேச்சுக்கு அது போதாதா?

அது ருசித்துவிட்டால் பெரிய நூலுக்குப் போகலாம். கடற்கரை ஊராருக்குத் தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதை வேண்டுமென்றால் புதுச்சேரிப் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' இருக்கிறது. மாங்கனித் திருவிழா நெருங்கும் மாதத்தில் அம்மையார் பாடல்களை உரையோடு எடுக்கலாம். பக்தி உள்ளவர்கள் பக்தியோடு படிக்கட்டும். மற்றவர்கள், நம் ஊரில் பிறந்த ஒரு பெண் எழுதிய பழந்தமிழ் என்று படிக்கட்டும். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அடுத்தது பிரதி. எல்லோரும் வாங்க வேண்டும் என்பதில்லை. நூலகத்தில் உள்ளதோடு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாலைந்து பிரதி வாங்கினால் ஒரு தெருவுக்குப் போதும். ஒரு வீட்டில் நான்கு நாள். பிறகு அடுத்த வீடு. பிரதி போகும் வீட்டுக்கு நூலக உறுப்பினர் படிவமும் கூடவே போகட்டும். ஜாமீன் கையெழுத்து வேண்டுமென்றால், ஏற்கெனவே ஊரில் நாலு பேரைத் தெரிந்த அக்கா ஒருத்தி பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். ஒருத்தி கையெழுத்துக்கு ஆள் தேடித் தந்தால் பத்துப் படிவங்கள் சேலைக்கு அடியில் போகாமல் தப்பிக்கும்.

மூன்றாவது நேரம். சாயந்திரம் ஆறு மணி பெண்களுக்கு ஆகாது. விளக்கேற்ற வேண்டும், டிபன் செய்ய வேண்டும், குழந்தையின் வீட்டுப் பாடம் இருக்கிறது. பாட்டி காலத்து மத்தியான நேரமே சிறந்தது. வாரத்தில் ஒரு நாள், நூலகம் திறந்திருக்கும் பகல் வேளையில் ஒரு மணி நேரத்தை நூலகரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வர முடியாதவர்கள் வீட்டுத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ கூடட்டும்.

நான்காவதுதான் முக்கியம். உரக்கப் படியுங்கள். கண் மங்கிய மாமியார், எழுத்து மறந்துபோன பூக்காரம்மா, தமிழ்ப் பள்ளியில் படிக்காத பேத்தி, இவர்களெல்லாம் கேட்டால் போதும். கேட்டவரும் படித்தவர் என்றே கணக்கில் சேருங்கள். தினமும் சமையலறையில் பாட்டுக் கேட்கிற நேரத்தில் பத்து நிமிஷம் கதை கேட்டால் குழம்பு ஒன்றும் அடிப்பிடிக்காது.

கடைசியாக, மாத முடிவில் நூலகத்தில் ஒரு கூட்டம். தயவுசெய்து அதில் பொன்னாடை வேண்டாம். தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பத்திரிகை மேஜையைச் சுற்றி இருக்கிறவர்களையும் கூப்பிடுங்கள். அவர்களும் கதையைப் படித்திருப்பார்கள். கேள்வி மூன்றே மூன்று போதும். யாரைப் பிடித்தது? யார்மேல் கோபம் வந்தது? உங்கள் வீட்டில் இது நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு அப்புறம் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இதனால் என்ன லாபம் என்று வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வது? பரீட்சையில் மார்க்கு வராது, சம்பளம் உயராது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கதையை அறிந்தவர்கள் இருக்கும் தெருவில், ஒருவருக்கொருவர் பேச எப்போதும் ஒரு விஷயம் இருக்கும். தண்ணீர்க் குழாயடிச் சண்டைக்கு மறுநாள்கூட, "அந்தப் பெண் கடைசியில் என்னதான் ஆனாள்?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம். ஊர் என்றால் அதுதானே?

பாட்டி இப்போது இல்லை. கடைசி இரண்டு வருஷம் அவளுக்குக் கண் தெரியவில்லை. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நான் படிக்க, அவள் கேட்டாள். ஒரு தடவை மாங்கனித் திருவிழாவுக்கு முதல் நாள், அம்மையார் பாடல்களை உரையோடு படித்துக் காட்டினேன். எண்பது வயதுவரை அந்த ஊரிலேயே வாழ்ந்து, ஒவ்வோர் ஆண்டும் முந்தானை ஏந்திப் பழம் பிடித்தவள், அந்தப் பாடல்களை அன்றுதான் முதல்முதலாக முழுசாகக் கேட்டாள். பத்துப் பாட்டு ஆனதும், அவளுக்கு அலுப்பாக இருக்குமே என்று புத்தகத்தை மூடினேன்.

பாட்டி முகத்தைத் திருப்பி, வேலிக்கு அப்பாலிருந்த அந்த அம்மாளைப் போலவே கேட்டாள்:

"அப்புறம்?"